ஓடம் வெயிலில் கிடந்த இரண்டு நாள்

ஏரி நிரம்பிவிட்டது, கலங்கல் வழிகிறது என்று தொலைக்காட்சியில் சொன்னால் நம் வயதுக்காரர்களுக்கு முகம் மலரும். தண்ணீர் இல்லாத வருஷங்களைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் அந்தச் செய்தி வந்தால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். அம்மாவுக்கு மழை பிடிக்காது என்று என் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உங்களிடம் சொல்கிறேன். நம் பக்கத்து ஏரிகளில் ஓடப் போட்டி நடந்தது என்று சொன்னால் நம்புவதற்கு இனி நீங்கள்தான் மிச்சம்.

எங்கள் ஊர் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில், ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டே தெரு. தெருவுக்கு ஒரு ஓடம். மற்ற நாட்களில் ஏரிக்கு நடுவே இருந்த கருவேலந்திட்டுக்குப் போய்ப் புல் அறுத்துவர அதுதான் வாகனம். ஏரி நிரம்பி வழியும் வருஷங்களில் மட்டும், கார்த்திகை மாதத்தில், கரைமேல் இருக்கும் அம்மனுக்குப் பொங்கல் வைத்து இரண்டு ஓடங்களையும் போட்டிக்கு விடுவார்கள். மதகடியில் கிளம்பி, திட்டைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். ஓடத்துக்கு எட்டுப் பேர். எந்தத் தெரு ஜெயிக்கிறதோ அந்தத் தெருதான் அந்த வருஷம் அம்மனைத் தோளில் தூக்கும்.

நான் சொல்வது யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு எங்கள் பக்கம் ஓடிவந்து, பிறகு ஒவ்வொருவராகத் திரும்பிப் போன வருஷத்துக்கு அடுத்த வருஷம். எனக்குப் பத்து வயது. அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் போட்டி நடக்கவில்லை. ஒரு வருஷம் ஏரி நிரம்பவில்லை. இன்னொரு வருஷம் யாருக்கும் மனசில்லை. ஓடங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. எங்கள் மேலத்தெரு ஓடத்துக்கு அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. பலகை இடுக்கு வழியாக உள்ளே வெளிச்சம் கோடு கோடாக விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை அப்படி ஒரு மழை. எங்கள் வீட்டுக் கிணற்றில் கயிறில்லாமல் கையாலேயே தண்ணீர் மொண்டோம். கரையோரப் பனைகளில் தண்ணீர்ப்பாம்புகள் ஏறிச் சுற்றிக்கொண்டிருந்தன. எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு சுவரேறி எங்கள் அரிசிப் பானைக்குள் இறங்கின. கருவேலந்திட்டு முழுகி, மர உச்சிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே கறுப்பாகத் தெரிந்தன. ராத்திரி பகலாகக் கலங்கலில் தண்ணீர் வழியும் இரைச்சல். பேசுகிறவர்கள் எல்லாரும் சற்று உரக்கவே பேசினார்கள். ஊரில் ஏதோ சண்டை நடப்பது போல இருக்கும் எனக்கு.

மேலத்தெருவுக்கு என் நைனாதான் பெரியதனம். ஓடத்தின் முன்வரிசையில் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவர் அவர் தம்பி, என் சித்தப்பா. சித்தப்பாவுக்கு வெள்ளானூரிலிருந்து பெண் எடுத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சின்னம்மாவுக்குப் பதினெட்டு வயது இருக்கும். அவளும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடுவோம். சித்தப்பா வந்தால் அவள் புளியங்கொட்டைகளை மடியில் கொட்டிக்கொண்டு உள்ளே ஓடுவாள்.

அந்த வருஷம் நைனாவுக்குப் போட்டி விளையாட்டாக இல்லை. ஆவடிப் பக்கம் மிலிட்டரிக்கு நிலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து எங்கள் ஏரிப் பாசன நிலம்தான் என்று பேச்சு. மிலிட்டரி ஆபீஸில் இருந்த ஒரு குமாஸ்தா நைனாவுக்குப் பழக்கம். நிலம் எடுக்கும் வெள்ளைக்காரத் துரை போட்டி பார்க்க வருகிறார், ஜெயிக்கிற தெருவின் பெரியதனக்காரரைக் கூப்பிட்டுக் கை கொடுப்பார், அந்த நேரத்தில் மனுவைக் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று அந்தக் குமாஸ்தா சொல்லியிருந்தார். துரைக்கு ஒழிந்த நாள் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அதனால் நாளைத் தள்ளிப்போட முடியாது. நைனா பூந்தமல்லிக்குப் போய் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் இங்கிலீஷில் மனு எழுதி வாங்கி வந்து, அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். தினம் ஒரு தடவை திறந்து பார்ப்பார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

ஓடத்தைச் சரி செய்யப் பழவேற்காட்டிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை அடைத்து, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுகிற வேலை. கலப்பத்து என்பார்கள். ஒல்லியான ஆள். முன்னங்கை இரண்டிலும் எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும். அவருக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகிற வேலை எனக்கு. நான் போகும்போதெல்லாம் குங்கிலியம் சட்டியில் கொதித்துக்கொண்டிருக்கும். கோயில் வாசனையும் மீன் வாசனையும் கலந்தாற்போல ஒரு வாசனை. சோற்றை வாங்கிக்கொண்டு, என்னைத் தூர நிற்கச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். கொதிக்கிற குங்கிலியம் தெறித்தால் தோலோடுதான் வரும் என்பார். எனக்கு ஒரு மரச்சுத்தியைக் கொடுத்துப் பலகையைத் தட்டிப் பார்க்கச் சொல்வார். தண்ணீர் குடித்த பலகைக்கு ஒரு சத்தம், காய்ந்த பலகைக்கு ஒரு சத்தம். கண்ணை மூடிக்கொண்டு நான் சரியாகச் சொன்னால் தலையை ஆட்டிச் சிரிப்பார்.

வேலை முடிந்ததும் ஓடத்துக்குள் கல்லை ஏற்றிக் கரையோரத் தண்ணீரில் முழுக வைத்தார். இரண்டு வருஷம் காய்ந்த மரம், பத்து நாளாவது தண்ணீர் குடித்து உப்ப வேண்டும், அப்போதுதான் இடுக்குகள் இறுகும் என்று நைனாவிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். போட்டிக்கு அன்றைக்குச் சரியாகப் பத்து நாள்தான் இருந்தது. போட்டி அன்று காலையில்தான் எடுக்க வேண்டும், அதற்குமுன் வெயில் படவே கூடாது என்றார். நைனாவும் சரி என்றார்.

மழை விட்டது. போட்டிக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை காலையில் பழவேற்காட்டுக்காரர் மேல் வரிசைக்கு இன்னொரு பூச்சுப் பூச எண்ணெய் வாங்கப் பூந்தமல்லிக்குப் புறப்பட்டார். வழியில் ஓடைகள் நிரம்பிப் பாதை அறுந்திருந்ததால் திரும்பி வரச் சனிக்கிழமை ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் கீழத்தெரு ஓடத்தை வெள்ளோட்டம் விட்டார்கள். அவர்கள் ஓடம் புதுசு. தக்கை மாதிரி தண்ணீர்மேல் பறந்தது. கரையில் நின்று பார்த்த நைனாவின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் சித்தப்பாவிடம் சொன்னார்: "நம்முது ஊறி ஊறி எருமை மாதிரி கனத்துப் பூட்டுது. இப்படியே போனா பாதி தூரங்கூடத் தாங்காது."

ஓடத்தை வெளியே எடுக்கச் சித்தப்பா முதலில் தயங்கினார். இரண்டு நாள் வெயிலில் போட்டால் பாரம் குறையும், சனிக்கிழமை விடியும்போது திரும்பத் தண்ணீரில் இறக்கிவிடலாம், அந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்றார் நைனா. அப்புறம் சித்தப்பாதான் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் தண்ணீரில் இறங்கினார். அண்ணன் சொல்லை அவர் தட்டியதே இல்லை. துடுப்புக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து கல்லை எடுத்துப் போட்டுவிட்டு ஓடத்தைக் கரையேற்றினார்கள். நாணல் புதருக்கு அந்தப் பக்கம், யாரும் போகாத இடத்தில், கவிழ்த்துப் போட்டார்கள். மழை விட்ட வெயில். உங்களுக்குத் தெரியும், அது எப்படிக் கொளுத்தும் என்று. ஓடத்திலிருந்து ஆவி எழும்பியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்த் தொட்டபோது பலகை என் கையைச் சுட்டது. எங்கேயோ ஒரு பலகை முறுக்கிக்கொண்டு டக்கென்று சத்தம் போட்டது. நான் பயந்து வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

நைனா என்னைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தார். கோபமாகப் பேசவில்லை. "பெரியவங்க விசயம். ஆராச்சும் கேட்டா, ஓடம் தண்ணியிலதான் கெடந்துதுன்னு சொல்லு. நம்ம நெலம் போச்சின்னா சோத்துக்கு எங்க போறது?" என்றார். எனக்கு ஒரு பெரிய ஆளாகிவிட்ட மாதிரி இருந்தது. தலையை ஆட்டினேன்.

சனிக்கிழமை மத்தியானம் பழவேற்காட்டுக்காரர் வந்தார். ஓடம் அவர் விட்டுப்போன இடத்திலேயே, கல்லோடு, தண்ணீரில் இருந்தது. அவர் இறங்கிப் பலகையைத் தட்டினார். மறுபடி தட்டினார். இடுக்கில் நகத்தை வைத்துப் பார்த்தார். நேராக எங்கள் வீட்டுக்கு வந்து நைனாவிடம் கேட்டார். நீ விட்டுட்டுப் போன மாதிரியே கிடக்கிறது, உனக்கு இன்னா சந்தேகம் என்று நைனா திருப்பிக் கேட்டார். அவர் திரும்பி ஏரிக்கரைக்கே போனார்.

நான் சோறு கொண்டுபோனபோது அவர் சாப்பிடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "பாப்பா, ஓடத்த வெயில்ல போட்டாங்களா?"

"இல்ல. தண்ணியிலதான் கெடந்துது" என்றேன்.

அவர் என்னை நம்பினார். அதுதான் விஷயம். நைனாவை நம்பாத மனுஷன் என்னை நம்பினார். மூச்சை விட்டுவிட்டு, ஒருவேளை மரமே அப்படித்தானோ என்னமோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சோற்றில் கை வைத்தார். சாயங்காலம் வரை உட்கார்ந்து, வாங்கி வந்த எண்ணெயைக் காய்ச்சி, கொஞ்சம் கல்லை எடுத்துத் தண்ணீருக்கு மேலே வரவிட்ட மேல் வரிசை இடுக்குகளுக்கு இன்னொரு பூச்சுப் பூசினார். அடிப்பலகையில் அவர் கை படவில்லை. அது தண்ணீருக்குள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. கரை முழுக்க ஜனம். மேனாம்பேட்டிலிருந்து என் தாய்மாமன் வீட்டார் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பம்பையும் உடுக்கையும் விடாமல் முழங்கின. பொங்கல் பானைகள் வரிசையாக நாற்பது ஐம்பது இருக்கும். ஈர விறகு. புகை மேலே போகாமல் தண்ணீர்மேல் படுத்துக்கொண்டது. இரண்டு தெருப் பெண்களும் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் கேலி செய்து பாடினார்கள். பொரியும் கடலையும் விற்கிறவர்கள், முகத்தில் அரிதாரம் பூசிய கூத்துக்காரர்கள், சாட்டையால் தன்னையே அடித்துக்கொள்கிற ஆள். துரைக்கு ஒரு நாற்காலி போட்டு, பின்னால் ஒருவன் குடை பிடித்தான். துரை கழுத்தில் தூரப்பார்வைக் கண்ணாடி தொங்கியது. நைனா தலைப்பாகை கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். மனு அவர் சட்டைக்குள் இருந்தது. கை அடிக்கடி அங்கே போய்ப் போய் வந்தது.

சித்தப்பா ஓடத்தில் ஏறும்போது திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். சின்னம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மற்ற பெண்கள் அவளை இடித்துச் சிரித்தார்கள்.

வெடி போட்டதும் இரண்டு ஓடமும் கிளம்பின. எங்கள் ஓடம்தான் முந்தியது. நைனா சொன்னது சரிதான், பாரம் குறைந்துதான் இருந்தது. கீழத்தெரு ஓடத்தை ஒரு ஓட நீளம் பின்னால் தள்ளிவிட்டுத் திட்டை நோக்கிப் போனது. மேலத்தெரு மொத்தமும் கத்தியது. நானும் கத்தினேன்.

என் பக்கத்தில் பழவேற்காட்டுக்காரர் நின்றிருந்தார். அவர் மட்டும் கத்தவில்லை. ஓடத்தின் வேகத்தை அவர் பார்க்கவில்லை. தண்ணீருக்கு மேலே எத்தனை பலகை தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். "குந்துது," என்றார். "ஓடம் குந்துது."

எனக்குப் புரிவதற்குள் அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏரியில் பாய்ந்துவிட்டார்.

திட்டைச் சுற்றித் திரும்பும் இடத்தில் எங்கள் ஓடத்தின் முன்பக்கம் தாழ்ந்தது. துடுப்புகள் முன்பின்னாக விழுந்தன. யாரோ ஒருவன் எழுந்து நின்றான். அதோடு ஓடம் பக்கவாட்டில் புரண்டது. ஜனங்களின் சத்தம் அப்படியே நின்றது. பம்பைக்காரன் மட்டும் தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தான். துரை தூரப்பார்வைக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுக் கை தட்டினார். அதுவும் வேடிக்கையில் ஒரு பகுதி என்று நினைத்தார் போலிருக்கிறது. நாற்காலியைச் சுற்றியிருந்தவர்களில் இரண்டொருவர் என்ன செய்வதென்று தெரியாமல் தாங்களும் தட்டினார்கள்.

எட்டுப் பேரும் நீச்சல் தெரிந்தவர்கள்தான். ஆனால் திட்டைச் சுற்றித் தாமரைக்கொடி. அதற்கு அடியில் முழுகிப்போன முள்மரங்கள். நாலு பேரைக் கீழத்தெரு ஓடம் ஏற்றிக்கொண்டது. மூன்று பேரைப் பழவேற்காட்டுக்காரர் கொடியிலிருந்து அறுத்து ஒவ்வொருவராக இழுத்து வந்து அந்த ஓடத்தின் விளிம்பைப் பிடிக்க வைத்தார். எட்டாவது ஆளுக்காக அவர் முழுகி முழுகி எழுந்ததைக் கரையிலிருந்து பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடுதான் மேலே வந்தார்.

சித்தப்பாவைச் சாயங்காலம் கொண்டுவந்தார்கள். இரண்டு காலிலும் கொடி வளையல் மாதிரி சுற்றியிருந்தது. சின்னம்மா அழவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து அந்தக் கொடியைப் பல்லால் கடித்துக் கடித்து அறுத்தாள்.

பிறகு நடந்ததைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். அடைத்தவன் ஒழுங்காக அடைக்கவில்லை என்று யாரோ ஆரம்பித்தார்கள். கீழத்தெருவில் காசு வாங்கியிருப்பான் என்றார் இன்னொருவர். பழவேற்காட்டுக்காரர் தண்ணீரிலிருந்து வந்த ஈரத்தோடு இருந்தார். முள் கிழித்து உடம்பெல்லாம் ரத்தம். அவரை அம்மன் கோயில் வேப்பமரத்தில் கட்டினார்கள். அவர் காப்பாற்றிய மூன்று பேரில் ஒருவனும் அங்கே நின்றான். வியாழக்கிழமை ஓடத்தைக் கரையேற்றியவர்களில் அவனும் ஒருவன். அவன் வாய் திறக்கவில்லை. அடித்தார்கள். கையால் அடித்தவர்கள் இருந்தார்கள், துடுப்பால் அடித்தவர்களும் இருந்தார்கள்.

நடுவில் அவர் தலையைத் தூக்கிக் கூட்டத்தில் என்னைத் தேடினார். "அந்தப் பாப்பாவக் கேளுங்க. ஓடம் வெயில்ல காஞ்சிதா இல்லியான்னு அந்தப் பாப்பாவக் கேளுங்க" என்றார்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நைனா சித்தப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னை மிரட்டவில்லை. கண்ணால் ஜாடை காட்டவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை நான் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுகூட அவர் நினைத்திருக்கலாம். இப்போது அப்படித் தோன்றுகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சொல்லாதே என்று சொல்லியிருக்கிறார்.

"தண்ணியிலதான் கெடந்துது" என்றேன்.

பழவேற்காட்டுக்காரர் தலை தொங்கிவிட்டது. அடி விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் நைனா எழுந்தார். "போதும். அவுத்து உடுங்க. போவட்டும்" என்றார். கட்டை அவிழ்த்தார்கள். அவர் தன் சாமான்களைக்கூட எடுக்காமல் கரைமேல் வடக்கே நடந்து போனார். ஒரு காலை இழுத்து இழுத்துப் போனார். தம்பியைப் பறிகொடுத்தும் கொன்றவனை மன்னித்தார் என்று ஊர் நைனாவைப் புகழ்ந்தது. அவர் சாகும்வரை அந்தப் பேர் அவருக்கு இருந்தது.

துரை எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை. மனுவை யாரிடமும் கொடுக்கவில்லை. அடுத்த சித்திரைக்குள் எங்கள் நிலத்தில் பாதிக்குமேல் எடுத்துக்கொண்டார்கள். ஏரி அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை நிரம்பியது. ஓடம் விடவில்லை.

நைனா அதற்கப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பேசியதாக ஞாபகம் இல்லை. சாப்பிடும்போது நான் பரிமாற வந்தால் போதும் என்று கையைக் குறுக்கே நீட்டுவார். பதினான்கு முடிவதற்குள் வேலப்பன்சாவடியில் ஒரு இடம் பார்த்து என்னைக் கட்டிக் கொடுத்துவிட்டார். பெண்ணுக்குச் சீக்கிரம் நல்லது செய்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வீட்டில் என்னை வைத்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை என்பது எனக்குப் பேரன் பிறந்த பிறகுதான் புரிந்தது.

சின்னம்மா அந்த வீட்டிலேயே இருந்தாள். நைனாவுக்கும் அம்மாவுக்கும் கடைசிவரை கஞ்சி ஊற்றியவள் அவள்தான். நைனாவின் கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, பின்கட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். அப்போது சொல்லிவிட்டேன். முப்பது வருஷத்துக்குமேல் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்ததால் தடங்கலில்லாமல் வந்தது.

அவள் கையிலிருந்த அண்டாவைக் கீழே வைத்தாள்.

"வெள்ளிக்கெயம ஓடத்தப் பாக்கப் போன உங்க சித்தப்பாவுக்கு மோரு எடுத்துகினு போனது நாந்தான். ஓடம் வெயில்ல கெடந்தத என் கண்ணால பாத்தேன்" என்றாள்.

என் கையிலிருந்த சொம்பையும் அவளே வாங்கிக் கவிழ்த்தாள்.

"நான் சொல்லியிருந்தா உங்க நைனா ஊட்ல எனக்கு எடம் ஏது? வெள்ளானூர்ல எங்க அண்ணன் வச்சிப்பானா? பொணத்துக்குப் பக்கத்துல குந்திகினு அதத்தான் நெனச்சேன். நீ கொயந்தப் புள்ள. எனக்குப் பதினெட்டு வயசு."

அவள் அப்போதுதான் அழுதாள். புருஷனுக்காக அழாத அழுகை அது என்று நினைக்கிறேன்.

பழவேற்காட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னவள் அவள்தான். ஆனால் ஒவ்வொன்றாகத் தடை வந்து, நாங்கள் பொன்னேரி போய்ப் பஸ் மாறிப் போய் இறங்கியபோது சின்னம்மாவுக்கு எழுபது தாண்டியிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். நல்ல வெயில். கரையில் ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டுக் கலப்பத்து வேலை நடந்துகொண்டிருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து வந்து, எங்களை நிழலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். சின்னம்மா விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். யுத்த காலத்தில் அம்பத்தூர்ப் பக்கம் வேலைக்கு வந்தவர், அங்கே அவரை அடித்துத் துரத்திவிட்டோம், தப்பு எங்கள் மேல்தான், அவர் இருந்தால் அவரிடம், இல்லாவிட்டால் அவர் பிள்ளைகளிடம் அதைச் சொல்லிவிட்டுப் போக வந்தோம் என்றாள்.

அந்த மனிதர் முழுவதையும் கேட்டார். அந்தக் காலத்தில் இந்த வேலை செய்தவர்கள் பத்துப் பன்னிரண்டு வீடு இருந்ததாகவும், பேர் சொன்னால் விசாரித்துவிடலாம் என்றும் சொன்னார்.

"இன்னா பேரும்மா அவருக்கு?"

சின்னம்மா என்னைப் பார்த்தாள். தினம் சோறு கொண்டுபோனவள் நான்தானே. நான் யோசித்துப் பார்த்தேன். யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"எங்க ஊர்ல பழவேற்காட்டுக்காரர்னுதான் சொல்வாங்க" என்றேன்.

அவர் குனிந்து கையில் ஒட்டியிருந்த குங்கிலியத்தைத் துடைத்துக்கொண்டார். எங்கள் மனசு நோகக் கூடாது என்று பார்த்தார் போலிருக்கிறது.

"இங்க எல்லாருமே பழவேற்காட்டுக்காரங்கதாம்மா" என்றார்.